பணிமனையைப் பார்த்து டிராக்டர் வாங்குவோம்

நிலத்துக்கும் வீட்டுக்கும் அடுத்தபடியாக, ஒரு விவசாயக் குடும்பம் தன் வாழ்நாளில் மேற்கொள்ளும் மிகப் பெரிய செலவு பெரும்பாலும் டிராக்டராகவே இருக்கிறது. இந்தியாவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 9 லட்சம் டிராக்டர்கள் விற்பனையாகின்றன. எண்ணிக்கை அடிப்படையில் உலகின் மிகப் பெரிய டிராக்டர் சந்தை நம்முடையதுதான். 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டர் மீதான சரக்கு-சேவை வரி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டதும், "இப்போது வாங்கிவிடலாமா?" என்ற பேச்சு கிராமங்களில் மேலும் வலுத்திருக்கிறது.

எந்த நிறுவனத்தின் டிராக்டர், எத்தனை குதிரைத்திறன், என்ன விலை என்ற மூன்று கேள்விகளும் தேநீர்க் கடை வரை விவாதிக்கப்படுகின்றன. யாரிடம் வாங்குவது என்ற நான்காவது கேள்வியை எழுப்புவோர் குறைவு. விற்பனை முகவர் என்பவர் நிறுவனத்துக்கும் நமக்கும் இடையில் நிற்கும் ஒரு கடைக்காரர், அவ்வளவுதான் என்று நினைத்துக் கொள்கிறோம். உண்மையில், வாங்கிய பிறகு வரும் பத்துப் பதினைந்து ஆண்டுகளின் லாப நட்டத்தை மற்ற மூன்று கேள்விகளைவிட இந்த நான்காவது கேள்விதான் அதிகம் தீர்மானிக்கிறது.

இயந்திரத்தின் தரத்தை அறிந்துகொள்ள நமக்கு வழி இருக்கிறது. மத்தியப் பிரதேச மாநிலம் புத்னியில் 1955-இல் தொடங்கப்பட்ட மத்திய அரசின் பண்ணை இயந்திரப் பயிற்சி, சோதனை நிறுவனம், டிராக்டர்களைச் சோதித்து அறிக்கை வெளியிடுகிறது. பின்பக்கச் சுழல் தண்டில் கிடைக்கும் திறன், இழுவைத் திறன், ஹைட்ராலிக் தூக்கும் எடை, டீசல் செலவு ஆகிய அனைத்தும் அதில் எண்களாக இருக்கும். ஒரே குதிரைத்திறன் வகையைச் சேர்ந்த இரண்டு நிறுவனங்களின் டிராக்டர்களை அந்த அறிக்கைகளை அருகருகே வைத்து ஒப்பிட்டுவிடலாம். விற்பனை முகவருக்கு அப்படியொரு சோதனை அறிக்கை கிடையாது.

பொருளியலில் இதற்குப் புகழ்பெற்ற ஒரு விளக்கம் உண்டு. விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாதபோது சந்தை எப்படிச் சீர்கெடும் என்பதை, பழைய கார் சந்தையை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஜார்ஜ் அகர்லாஃப் 1970-இல் எழுதினார். அதற்காக 2001-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். (நம் மாணவர்களுக்குப் பழைய காரைவிட மாட்டுச் சந்தையைச் சொன்னால் இது உடனே விளங்கும். துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசும் தரகருக்கு மாட்டின் குறை தெரியும். வாங்க வந்தவருக்குத் தெரியாது.) 1973-இல் டார்பி, கார்னி என்ற இருவர் இன்னொரு படி மேலே போனார்கள். சில சேவைகளின் தரத்தை வாங்கிய பிறகும்கூட நுகர்வோரால் அறிய முடியாது என்றார்கள். அவர்கள் காட்டிய எடுத்துக்காட்டுகளில் ஒன்று வாகனப் பழுதுபார்ப்பு. "கிளட்ச் தட்டு தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும்" என்று மெக்கானிக் சொன்னால், அது உண்மையிலேயே தேய்ந்ததா என்று நமக்குத் தெரியாது. மாற்றினாரா என்பதும் பல நேரங்களில் தெரியாது. டிராக்டர் வாங்கும்போது இயந்திரத்தை ஒருமுறை வாங்குகிறோம். இந்தச் சேவையையோ ஆண்டுக்கணக்கில் வாங்குகிறோம்.

காவிரிப் படுகையில் இதன் விலை என்ன என்று பார்ப்போம். குறுவை அறுவடைக்கும் தாளடி நடவுக்கும் இடையில் கிடைப்பது சில வாரங்கள்தாம். அதிலும் மழை குறுக்கிட்டால் உழவுக்குக் கிடைக்கும் நாள்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அந்த நாள்களில்தான் டிராக்டர் மிகக் கடுமையாக உழைக்கிறது. அந்த நாள்களில்தான் பழுதும் ஆகிறது. சேற்றுழவில் அச்சுப் பகுதிக்குள்ளும் பிரேக்குக்குள்ளும் நீரும் சேறும் புகுவதால் ஆயில் சீல்கள் கெடுகின்றன.

வாடகைக்கும் ஓட்டும் ஒருவருக்கு ஒரு மணி நேர உழவுக்கு 1,000 ரூபாய் என்றும், நாளொன்றுக்கு 8 மணி நேர வேலை என்றும் வைத்துக்கொள்வோம். ஓர் உதிரி பாகத்துக்காக டிராக்டர் 10 நாள்கள் நின்றால் 80,000 ரூபாய் வரவு போகிறது. டீசல், ஓட்டுநர் கூலி எனப் பாதியைக் கழித்தாலும் 40,000 ரூபாய் இழப்பு. சொந்த நிலத்தில் நடவு தள்ளிப்போவதால் ஏற்படும் மகசூல் இழப்பு தனி. இப்போது, 60 கிலோமீட்டர் தொலைவிலுள்ள முகவர் 20,000 ரூபாய் குறைத்துத் தருகிறார் என்பதற்காக, அருகில் நல்ல பணிமனை வைத்திருப்பவரைத் தவிர்ப்பது எப்படிப்பட்ட கணக்கு என்று யோசித்துப் பாருங்கள். ஒரே ஒரு பருவத்தில் ஏற்படும் ஒரே ஒரு பழுது, அந்தத் தள்ளுபடியைப் போல இரு மடங்கை விழுங்கிவிடும்.

ஆகவே, டிராக்டர் வாங்கப் போகிறவர் கண்ணாடிக் கதவு போட்ட காட்சிக்கூடத்துக்குள் நுழையும் முன் பின்பக்கம் சென்று பணிமனையைப் பார்க்க வேண்டும். அதுவும் வேலை இல்லாத கோடையில் அல்ல. உழவு மும்முரமாக நடக்கும் நேரத்தில். அங்கே எத்தனை டிராக்டர்கள் நிற்கின்றன, எத்தனை நாள்களாக நிற்கின்றன, எதற்காகக் காத்திருக்கின்றன என்று அங்கு நிற்கும் விவசாயிகளிடமே கேட்கலாம். வடிகட்டி, ஆயில் சீல், கிளட்ச் தட்டு, ஹைட்ராலிக் பாகங்கள் போன்றவை அலமாரியில் இருக்கின்றனவா, அல்லது "எழுதிப் போட்டால் சென்னையிலிருந்து வரும்" என்கிறார்களா? மெக்கானிக்குகள் எத்தனை பேர், எத்தனை ஆண்டுகளாக அங்கே வேலை பார்க்கிறார்கள்? ஆறு மாதத்துக்கு ஒருமுறை மெக்கானிக் மாறும் இடத்தில் முதலாளியின் சிரிப்பு எவ்வளவு இனிமையாக இருந்தாலும் பயனில்லை. டிராக்டர் வயலில் நின்றுவிட்டால் ஆளும் கருவியும் அங்கேயே வந்து சேருமா என்பது அடுத்த கேள்வி. சேற்றில் புதைந்து நிற்கும் இரண்டு டன் இயந்திரத்தைப் பணிமனைக்குக் கொண்டுவா என்று சொல்வது சேவையாகாது.

50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர் வாங்குவோர் இதில் கூடுதல் கவனம் செலுத்த வேண்டும். 2023 ஜனவரி முதல் அவற்றுக்குக் கடுமையான புகை உமிழ்வு விதிகள் நடைமுறையில் உள்ளன. அதனால் எரிபொருள் செலுத்தும் முறை மின்னணுக் கட்டுப்பாட்டுக்கு மாறியிருக்கிறது. ஊர் மெக்கானிக் காதால் கேட்டே கோளாறைக் கண்டுபிடித்த காலம் இந்த வகை இயந்திரங்களுக்குப் பொருந்தாது. கோளாறைப் படித்துச் சொல்லும் கருவியும், அதைக் கையாளத் தெரிந்தவரும் முகவரிடம் இருந்தாக வேண்டும்.

விசாரிப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. போன மாதம் டிராக்டர் வாங்கியவரிடம் கேட்டால் அவர் மகிழ்ச்சியாகத்தான் இருப்பார். மாலையும் சந்தனமும் இன்னும் காய்ந்திருக்காது. அதே முகவரிடம் மூன்று, நான்கு ஆண்டுகளுக்கு முன் வாங்கியவரைத் தேடிப் பிடித்துக் கேட்க வேண்டும். அவரிடம் கேட்க வேண்டிய கேள்வியும், "டிராக்டர் எப்படி?" என்பதன்று, "கடைசியாக எப்போது பழுதானது, எத்தனை நாளில் சரியானது, ரசீது கொடுத்தார்களா?" என்பதாகும். அடுத்த டிராக்டரையும் அவரிடமே வாங்குவீர்களா என்று கேட்டால், பதில் வருவதற்கு முன் முகமே சொல்லிவிடும்.

"நம்ம ஆள்" என்ற சொல்லைப் பற்றியும் இங்கே குறிப்பிட வேண்டியிருக்கிறது. உறவு, ஊர், சாதி, கட்சி என்று ஏதோ ஒரு பிடிப்பை வைத்து, தெரிந்தவர் ஒருவர் நம்மை ஒரு குறிப்பிட்ட முகவரிடம் அழைத்துச் செல்வார். வாடிக்கையாளரை அழைத்து வருபவருக்குத் தரகு கொடுப்பது இத்தொழிலில் பரவலான வழக்கம். அது குற்றமும் அல்ல. ஆனால், அந்தத் தரகு நாம் கொடுக்கும் விலைக்குள்தான் இருக்கிறது என்பதையும், பழுது வரும்போது அழைத்துச் சென்றவர் உடன் வரமாட்டார் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

நல்ல முகவரை அவர் கேட்கும் கேள்விகளிலிருந்தும் அடையாளம் காணலாம். எத்தனை ஏக்கர், களிமண்ணா செம்மண்ணா, நஞ்சையா தோட்டக்காலா, ரோட்டவேட்டரா கலப்பையா, டிரெய்லர் இழுப்பீர்களா என்று அவர் கேட்க வேண்டும். எதையும் கேட்காமல் 50 குதிரைத்திறன் வண்டியின் விலைப்பட்டியலை நீட்டுபவர், தம் மாத இலக்கைத்தான் பார்க்கிறார். நான்கு ஏக்கர் தென்னந்தோப்பில் இடைஉழவு செய்பவருக்குச் சிறிய டிராக்டர் போதும் என்று சொல்ல மனமுள்ளவரிடம், மற்ற விஷயங்களிலும் ஓரளவு நம்பிக்கை வைக்கலாம். நம் வயலிலேயே, நம் கருவியைப் பூட்டி, ஒரு மணி நேரம் ஓட்டிக் காட்டச் சொல்வதும் அதிகமான கோரிக்கையல்ல.

கடன்தான் பலரும் ஏமாறும் இடம். டிராக்டர் விற்பனையில் மட்டுமல்லாமல், ஏற்பாடு செய்து தரும் கடனிலும் காப்பீட்டிலும் முகவருக்கு வருவாய் உண்டு. அதனால் நமக்கு ஏற்ற கடனும் அவர் பரிந்துரைக்கும் கடனும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. "வெறும் 8 சதவீதம்தான்" என்பார்கள். 6 லட்சம் ரூபாய்க்கு ஐந்து ஆண்டுகளுக்கும் முழு அசலின் மீதே 8 சதவீதம் கணக்கிட்டால் வட்டி 2,40,000 ரூபாய். மாதத் தவணை 14,000 ரூபாய். அசல் குறையக் குறைய வட்டியும் குறையும் முறையில் பார்த்தால், இதன் உண்மையான வட்டி விகிதம் 14 சதவீதத்துக்குச் சற்று மேல். தனிநபர்களுக்கும் சிறு தொழில்களுக்கும் வழங்கும் கடன்களில், எல்லாக் கட்டணங்களையும் சேர்த்த ஆண்டு வட்டி விகிதத்தைக் குறிப்பிடும் முக்கிய விவர அறிக்கையைத் தர வேண்டும் என்ற ரிசர்வ் வங்கியின் விதி 2024 அக்டோபர் முதல் நடைமுறையில் உள்ளது. அதைக் கேட்டு வாங்கி, அருகிலுள்ள வங்கிக் கிளை சொல்லும் விகிதத்துடன் ஒப்பிட்ட பிறகே கையெழுத்திட வேண்டும். நெல் விவசாயிக்கு மாதத் தவணையைவிட, அறுவடையை ஒட்டிய அரையாண்டுத் தவணையே ஏற்றது. காப்பீட்டு நிறுவனத்தைத் தேர்வு செய்யும் உரிமையும் வாங்குபவருடையது. முகவர் சொல்லும் நிறுவனத்தில்தான் எடுக்க வேண்டும் என்பதில்லை.

கடன் முறிந்தால் என்ன ஆகும் என்பதை நாம் கண்ணால் பார்த்திருக்கிறோம். 2016 மார்ச் மாதம் தஞ்சாவூர் மாவட்டம் ஒரத்தநாடு பகுதியில், டிராக்டர் கடன் நிலுவைக்காக விவசாயி ஒருவரைக் காவல் துறையினர் தாக்கி இழுத்துச் சென்ற காணொலி நாடு முழுவதும் அதிர்ச்சியை ஏற்படுத்தியது. கடன் கொடுத்தவர், வாங்கியவர், காவல் துறை என்ற மூன்று தரப்பைப் பற்றித்தான் அப்போது பேசினோம். தவணைக் கடன்களில் பலவும் முகவரின் மேசையில்தான் தொடங்குகின்றன. விற்ற நாளோடு அவர் பொறுப்பு முடிந்துவிடுகிறது என்பதைப் பேசவில்லை.

உத்தரவாதத்தையும் படித்துப் பார்க்க வேண்டும். ஐந்து, ஆறு ஆண்டுகள் என்று விளம்பரங்கள் சொன்னாலும், பிற்பகுதி ஆண்டுகளில் அது என்ஜின், கியர்பெட்டி போன்றவற்றோடு சுருங்கிவிடுவது உண்டு. டயருக்கும் பேட்டரிக்கும் அவற்றைத் தயாரித்தவர்களே பொறுப்பு என்று பொதுவாக எழுதியிருக்கும். உரிய மணி நேரத்தில் சர்வீஸ் செய்யவில்லை என்றால் உத்தரவாதம் மறுக்கப்படலாம். முதல் சர்வீஸ் பொதுவாக 50 மணி நேரத்தில் வரும். அந்த நாளை வாங்கியவருக்குத் தாமே நினைவூட்டும் முகவர் நல்லவர். ஒவ்வொரு முறையும் வேலை அட்டையில் டிராக்டர் ஓடிய மணி நேரத்தையும், சொன்ன குறையையும், மாற்றிய பாகத்தையும் எழுதி நகல் தருபவர் இன்னும் நல்லவர்.

அந்த நகல் பின்னால் சான்றாகவும் பயன்படும். சுயதொழில் மூலம் வாழ்வாதாரம் ஈட்டுவதற்காக மட்டுமே வாங்கிய பொருளை, 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிக நோக்கம் என்று கருதுவதில்லை. தாம் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் விவசாயி முறையிடலாம். எனினும், எழுத்தில் எதுவும் இல்லாமல் அங்கே போய் நிற்பவருக்கு வழக்கு கடினம்.

தனிப்பட்ட விவசாயி இத்தனையும் விசாரித்துத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று எதிர்பார்ப்பது ஓரளவுக்குத்தான் நியாயம். மானியத் திட்டங்களில் இயந்திரங்களையும் நிறுவனங்களையும் அங்கீகரிக்கும் பொறுப்பில் இருக்கும் அரசு, அந்த நிறுவனங்களின் முகவர்கள் பற்றிய தகவலையும் கேட்டுப் பெறலாம். பணிமனை இருக்கிறதா, பயிற்சி பெற்ற மெக்கானிக்குகள் எத்தனை பேர், பதிவான பழுதுகள் சராசரியாக எத்தனை நாளில் சரிசெய்யப்பட்டன என்ற மூன்று விவரங்கள் போதும். இவற்றை வட்டவாரியாக, 2018 முதல் இயங்கிவரும் உழவன் செயலியில் பருவத்துக்கு ஒருமுறை வெளியிட வேளாண்மைப் பொறியியல் துறைக்குப் பெரிய செலவு எதுவும் ஆகாது. அடுத்த குறுவைக்கு முன்பாக ஒரே ஒரு படுகை மாவட்டத்தில் இதைத் தொடங்கிப் பார்க்கலாம்.