உங்களுக்குத் தெரியுமா? தீவுத் துறைமுகங்கள் ஸ்பெஷல்!

குச்சனூர் சனீஸ்வரனைக் கும்பிட்டுவிட்டு ஆற்றில் கால் நனைக்கிறவரா நீங்கள்? கம்பம் பள்ளத்தாக்கில் பாயும் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் வைகையில் கலக்கிறது. வைகை 258 கிலோமீட்டர் ஓடிக் கடைசியில் சேரும் இடம் பாக் விரிகுடா. அதாவது, பாம்பன் தீவின் கடல்! ஆக, இந்தச் சங்கதிகளில் பல நம்ம ஆற்றின் மறுமுனைக்காரர்களுடையவை!

பாம்பனுக்கு ஒரு கடல் இல்லை, இரண்டு! வடகடல், தென்கடல் என்கிறார்கள். தெற்கே கொந்தளித்தால் படகுகள் வடக்கே போகும். வாடைக்காற்று வீசினால் தெற்கே வரும். முன்வாசல், பின்வாசல் இரண்டும் உள்ள வீடு மாதிரி!

பாம்பனில் 'புயல் எச்சரிக்கைக் கூண்டு' ஏற்றினார்கள் என்று படிக்கிறீர்களே, அது எப்படி இருக்கும் தெரியுமா? பகலில் கம்பத்தில் கூம்பும் உருளையும் தொங்கும். இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகள். எண்கள் 1 முதல் 11 வரை. 10 என்றால் உச்சக்கட்ட அபாயம். அப்படியானால் 11? இதைத் தேடிப் பிடித்தபோது எனக்கே தூக்கிவாரிப் போட்டது. வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று அர்த்தம்!

பாம்பன் பழைய ரயில் பாலம் திறந்தது 1914-இல். படகும் கப்பலும் வந்தால் தண்டவாளமே இரண்டாகப் பிளந்து வழிவிடும். மோட்டாரா? இல்லவே இல்லை. ஆட்கள் கையால் சுற்றித் திறந்தார்கள்!

2025 ஏப்ரல் 6-இல் திறந்த புதிய பாலம் பிளப்பதில்லை. 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே லிஃப்ட் போல நேராக மேலே போகிறது. எவ்வளவு உயரம்? 17 மீட்டர்!

1964 டிசம்பர் புயல் பழைய பாலத்தின் கர்டர்களை வாரிக் கடலில் போட்டது. கடலுக்கடியில் அவை கிடந்த இடத்தைக் காட்டிக் கொடுத்தவர்கள் மீனவர்கள்! தூக்கி மறுபடி மாட்டினார் இளம் பொறியாளர் ஸ்ரீதரன். ரயில்வே முதலில் போட்ட கணக்கு 6 மாதம். முடித்தது 46 நாளில்!

ராமேஸ்வரத்தில் திங்கள், புதன், சனி விசைப்படகுகளின் முறை. மீதி 4 நாள் நாட்டுப்படகுகளுக்கு! விசைப்படகு கிளம்ப மீன்வளத்துறை டோக்கன் வேண்டும். கூடவே வருடத்தில் 61 நாள் தடைக்காலம்!

வரியில்லா டீசல் ஒரு விசைப்படகுக்கு ஆண்டுக்கு எத்தனை லிட்டர்? 2023-இல் மண்டபம் மாநாட்டில் அறிவித்த அளவு 19,000! இயந்திரம் பொருத்திய நாட்டுப்படகுக்கு 4,400!

சிகாகோ புகழோடு திரும்பிய விவேகானந்தர் பாம்பனின் குந்துகாலில் கரையேறினார். தேதி? 1897 ஜனவரி 26! சரியாக 53 வருடம் கழித்து அதே தேதியில் இந்தியா குடியரசு. அதே குந்துகாலில் இன்று ஆழ்கடல் படகுகளுக்கு மீன் இறங்குதளம்!

அப்துல் கலாமின் அப்பா சொந்தப் படகில் ராமேஸ்வரத்திலிருந்து தனுஷ்கோடிக்கு யாத்ரீகர்களை ஏற்றிச் சென்றவர். ராக்கெட் விட்டவரின் வீட்டில் முதலில் ஓடியது படகு!

அன்று சென்னையில் ஒரே டிக்கெட் எடுத்தால் கொழும்பில் இறங்கலாம். தனுஷ்கோடி வரை ரயில், தலைமன்னார் வரை கப்பல், பிறகு மறுபடி ரயில். பெயரே 'போட் மெயில்'! 50 வருடம் ஓடியது!

யாழ்ப்பாணப் பக்கம் குறிகட்டுவான் இறங்குதுறையில் ஏறினால் நயினாதீவு நாகபூசணி அம்மன் கால் மணி நேரத்தில். நெடுந்தீவு? ஒரு மணி நேரம்!

லட்சத்தீவில் பல தீவுகளில் பெரிய கப்பல் கரைக்கு வரவே வராது. பவளப்பாறைக்கு வெளியே நின்றுவிடும். பாட்டி, பேரன், மூட்டை முடிச்சு எல்லாம் நடுக்கடலில் சின்னப் படகுக்கு மாறியாக வேண்டும்!

அட்லாண்டிக்கில் டிரிஸ்டன் ட குன்ஹா என்றொரு தீவு. குட்டித் துறைமுகம். கடல் அமைதியாக இருந்தால் விடியற்காலையில் ஒரு பழைய சிலிண்டரை அடிப்பார்கள். டங்! இன்று மீன்பிடி நாள்! மொத்த ஜனத்தொகை 300 கூட இல்லை. பக்கத்து ஊர் எவ்வளவு தூரம் தெரியுமா? 2,400 கிலோமீட்டருக்கும் மேல்!