கதவுப் பூட்டுக்கு முன்னும் பின்னும்: தோட்டப்புற வேன்களின் பாதுகாப்பு

சப்ரகமுவ மாகாணத்தின் இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களிலுள்ள தேயிலை, இறப்பர்த் தோட்டங்களில் ஒரு வேன் பெரும்பாலும் ஒரு குடும்பத்தின் முதலாகவும் பல குடும்பங்களின் போக்குவரத்தாகவும் இருக்கிறது. காலையில் பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றி, பகலில் ஹயர் ஓடி, இரவில் நோயாளியைப் பலாங்கொடைக்கோ கரவனெல்லைக்கோ கொண்டுசெல்லும் அந்த வாகனத்தை நிறுத்திவைக்க மூடிய கொட்டகை ஏதும் இருப்பதில்லை. லயத்தில் குடியிருப்பவர் தாம் வாழும் நிலத்துக்கு உரிமையாளர் அல்லர். 1970களில் அரசுடைமையாக்கப்பட்டு 1992க்குப் பின்னர் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளின் நிர்வாகத்துக்குக் கைமாறிய அந்நிலத்தில், நிர்வாகத்தின் அனுமதியின்றி நான்கு தூண் நட்டுத் தகரம் போடவும் இயலாது. எனவே வேன் கோயில் முற்றத்திலோ, பெரட்டுக் களத்திலோ, லயத்துக்குக் கீழே சரிந்து செல்லும் தோட்டப் பாதையின் ஓரத்திலோ இரவைக் கழிக்கிறது. சுவரும் கேற்றும் செய்ய வேண்டிய காவலை, இங்கே வாகனத்தில் பொருத்தப்படும் பூட்டுகளே செய்ய வேண்டியிருக்கிறது.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் திறந்துவிடப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் பழைய வேன்களின் விலை ஏறிய வேகத்தை வாங்க முயன்றவர்களும் விற்க முயன்றவர்களும் நன்கறிவர். முழு வாகனமாக விற்க முடியாவிட்டாலும் எஞ்சின், கியர்பெட்டி, கதவுகள், இருக்கைகள் எனப் பிரித்து விற்கலாம் என்பதால், மிகப் பழைய வேன் கூடத் திருடனுக்குப் பயனற்றதாகிவிடுவதில்லை.

எந்தப் பூட்டும் திருட்டை முற்றாகத் தடுப்பதில்லை, அது திருடனைத் தாமதப்படுத்துகிறது என்பதே இத்துறையின் அடிப்படை. தாமதம் எவ்வளவு நீளுகிறதோ, ஓசை எழவும் நாய் குரைக்கவும் லயத்தில் ஒருவர் விழிக்கவும் அவ்வளவு வாய்ப்பு உண்டு. இந்த அடிப்படைக்கு ஐரோப்பிய அனுபவம் ஒரு திருத்தத்தைச் சேர்க்கிறது. சாவியை எடுத்ததும் திசைமாற்றித் தண்டு இறுகிக்கொள்ளும் ஸ்டியரிங் பூட்டை மேற்கு ஜெர்மனி 1960களின் தொடக்கத்தில் பழைய, புதிய வாகனங்கள் அனைத்துக்கும் கட்டாயமாக்கியபோது திருட்டு பெருமளவு வீழ்ந்தது. பிரித்தானியாவில் 1970களின் தொடக்கத்தில் அதே பூட்டு புதிய வாகனங்களுக்கு மட்டும் வந்தபோது, திருடர்களின் கவனம் பூட்டில்லாத பழைய வாகனங்களின் பக்கம் திரும்பியது. பிற்காலத்தில், சரியான சாவி இல்லாவிட்டால் எஞ்சினை இயங்கவிடாத இமொபிலைசர் என்னும் மின்னணுத் தடையை ஐரோப்பிய ஒன்றியம் 1998 முதல் புதிய கார்களுக்குக் கட்டாயமாக்கியது. அதன் விளைவை நெதர்லாந்தில் ஆராய்ந்த பொருளியலாளர்கள், பழைய கார்களை நோக்கித் திருட்டு நகர்ந்ததையும் கணக்கில் எடுத்த பின்னரும், 1995க்கும் 2008க்கும் இடையில் கார்த் திருட்டு சராசரியாக 40 சதவீதம் குறைந்ததெனக் கண்டனர். தோட்டப்புறங்களில் ஓடும் வேன்களில் கணிசமானவை பழையவை. புதிய வாகனங்களின் காவல் கூடக்கூட, பழைய வேனை வைத்திருப்பவரே அதிகம் விழிப்பாக இருக்க வேண்டியவராகிறார்.

டொல்பின் என்று நாடெங்கும் அழைக்கப்படும் பழைய டொயோட்டா ஹயஸ் போன்ற வேன்களின் கதவுப் பூட்டுக்குள் மெல்லிய தகடுகள் வரிசையாக அமைந்திருக்கும். சாவியின் வெட்டுகள் அத்தகடுகளைச் சரியான உயரத்துக்குக் கொண்டுவந்தால் மட்டுமே பூட்டு திரும்பும். பல ஆண்டுப் பாவனையில் தகடுகளும் சாவியும் ஒருங்கே தேய்ந்துபோவதால், சொந்தச் சாவியை ஆட்டி அசைத்துத் திறக்க வேண்டிய நிலையும், வேறொரு வாகனத்தின் தேய்ந்த சாவி இதற்குள் நுழைந்து திரும்பிவிடும் நிலையும் உருவாகின்றன. எஞ்சினை ஸ்டார்ட் செய்யும் சாவித் துவாரமும் அவ்வாறே தேய்ந்திருந்தால் கம்பனி பொருத்திய ஸ்டியரிங் பூட்டும் பயனற்றுப் போகும். ஆகவே மேலதிகப் பூட்டுக்குச் செலவிடுவதற்கு முன் ஏற்கெனவே உள்ள பூட்டுகளின் உட்பகுதியை மாற்றுவதே முதற்பணி. இதைச் செய்யாமல் வெளியே கொண்டி அடிப்பவர்கள் ஏராளம்.

மேலதிகக் கதவுப் பூட்டுகளை மூன்று வகையாகப் பிரிக்கலாம். முதலாவது, கம்பனிப் பூட்டோடு தொடர்பில்லாமல் தனிச் சாவியால் ஒரு தடித்த தாழைக் கதவுச் சட்டத்துக்குள் செலுத்தும் டெட்லொக். இதை உள்ளிருக்கும் கைபிடியால் திறக்க முடியாது என்பதால், கண்ணாடியை உடைத்துக் கையை உள்ளே விட்டாலும் கதவு திறபடாது. இரண்டாவது, கதவை அடித்துச் சாத்தியதுமே தானாகப் பூட்டிக்கொண்டு சாவியால் மட்டுமே திறக்கும் ஸ்லாம்லொக். வீடு வீடாகப் பாண், மரக்கறி, மளிகை இறக்கும் வேனில், இறங்கிய ஒவ்வொரு முறையும் பூட்ட மறக்கும் இயல்பை இது ஈடுசெய்கிறது. மூன்றாவது, எல்லோரும் அறிந்த கொண்டியும் ஆமைப்பூட்டும். கம்பி வெளியே நீண்டு தெரியும் ஆமைப்பூட்டைக் கம்பி வெட்டும் கருவி சில நொடிகளில் முடித்துவிடும் என்பதால், கம்பி உடலுக்குள் மறைந்திருக்கும் வட்டப் பூட்டே இவ்வகையில் நம்பத்தக்கது.

பூட்டின் தரத்தைவிட அது எதில் பொருத்தப்படுகிறது என்பதில்தான் ஏமாற்றம் அதிகம். பழைய வேனின் கதவடியும் பின்கதவின் ஓரமும் துருப்பிடித்து, டிங்கரிங் பாஸ் பட்டி பூசி மெழுகி, பெயின்ற் அடித்துப் புதிது போலக் காட்டிய இடங்களாக இருக்கலாம். அங்கே திருகாணியால் இறுக்கிய கொண்டி, இரும்பு நெம்புகோலொன்றை நுழைத்து ஒருமுறை நெம்பியதும் பட்டியோடு பெயர்ந்து வந்துவிடும். காந்தமொன்றை வைத்துப் பார்த்தால், பட்டி தடிப்பாகப் பூசப்பட்ட இடத்தில் அது ஒட்டாது. நல்ல தகடுள்ள இடத்தைத் தெரிவுசெய்து, உட்புறத்தில் ஒரு பின்தகடு வைத்து, திருகாணிக்குப் பதிலாகப் போல்ட்டும் நட்டும் இட்டு, போல்ட்டின் தலையை வெளியிலிருந்து கழற்ற முடியாதபடி செய்தால்தான் பூட்டுக்குக் கொடுத்த பணம் வீண்போகாது. துளையிட்ட விளிம்புகளுக்குத் துருத்தடுப்புப் பூச்சு அடிப்பதையும் மறக்கலாகாது. இரத்தினபுரி இலங்கையின் மிக ஈரமான நகரங்களில் ஒன்று என்பதால், காய்ந்த பிரதேசத்தில் பத்தாண்டு தாங்கும் இரும்புப் பூட்டு இங்கே ஒரு தென்மேற்குப் பருவமழைக்குள் இறுகிப்போகலாம். பித்தளை உடலும் துருப்பிடிக்காத உருக்குக் கம்பியும், சாவித் துவாரத்தை மறைக்கும் மூடியும் உள்ள பூட்டு சற்று விலை கூடினாலும் வாங்கத் தக்கது.

இவ்வளவும் கதவைப் பற்றியவை. ஆனால் கதவுப் பூட்டு முதன்மையாகக் காப்பது வேனுக்குள் இருக்கும் பொருளையே; கண்ணாடியை உடைத்து உள்ளே நுழைந்துவிட்ட ஒருவனிடமிருந்து வேனையே காப்பது கியருக்கும் ஸ்டியரிங்குக்கும் போடப்படும் பூட்டாகும். பொருள் ஏற்றும் வேனுக்குப் பின்கதவிலும் இழுகதவிலும் முதலில் செலவிடுவது பொருந்தும். பயணிகள் வேனுக்கு அச்செலவு முதலில் கியரில் விழுவதே சரி. மலைச்சரிவு இந்த வேறுபாட்டை இன்னும் கூர்மையாக்குகிறது. தோட்டப் பாதையில் கீழ்நோக்கி நிறுத்தப்பட்ட வேனின் ஹேண்ட் பிரேக்கை விடுவித்தால், எஞ்சின் ஓசையின்றியே அது கீழே பிரதான வீதி வரை உருண்டு சென்றுவிடும். எஞ்சினை மட்டும் தடுக்கும் கருவியால் உருளும் வேனைத் தடுக்க இயலாது. கியர் தடியை ஒரே நிலையில் பிணைத்துவைக்கும் கியர்லொக்கும் நியூட்ரலில் பூட்டப்பட்டால் இவ்விடத்தில் உதவாது. வேனின் முகம் இறக்கத்தை நோக்கியிருந்தால் ரிவர்ஸிலும், ஏற்றத்தை நோக்கியிருந்தால் முதல் கியரிலும் பூட்ட வேண்டும். கியர் தடி ஸ்டியரிங் தண்டிலேயே அமைந்த பழைய வேன்களில் சாதாரண கியர்லொக் பொருந்தாது. அவற்றுக்கு ஸ்டியரிங் வளையத்தையும் பிரேக் மிதியையும் இணைத்துப் பூட்டும் கம்பியோ, சில்லைக் கவ்விப் பிடிக்கும் வெளிப்பூட்டோ தேவைப்படும்.

பிள்ளைகளை ஏற்றும் வேனில் டெட்லொக், ஸ்லாம்லொக் இரண்டுமே ஆபத்தானவை. திருடன் உள்ளே வந்தால் திறக்க முடியாத கதவை, வேன் பள்ளத்தில் சாய்ந்தாலோ தீப்பிடித்தாலோ உள்ளே சிக்கிய பிள்ளையாலும் திறக்க முடியாது. இழுகதவுக்கு வெளிக் கொண்டி இருந்தால், வேன் வெறுமையாக நிற்கும் இரவில் மட்டும் பூட்டி, காலையில் முதற்பிள்ளை ஏறுமுன் பூட்டைக் கழற்றி எடுத்துவிட வேண்டும். கொண்டியில் தொங்கவிட்டு ஓடுவதும் கூடாது. கட்டணம் செலுத்தும் பெற்றோருக்கு இதைக் கேட்டறியும் உரிமை முழுமையாக உண்டு.

பழைய டீசல் வேனில் எரிபொருள் பம்பியை நிறுத்தும் மின்கம்பியில் மறைவிடத்தில் ஒரு சுவிட்ச் வைப்பது மலிவான, பயனுள்ள ஏற்பாடு. ஆனால் அதைப் பொருத்திய கராஜில் எத்தனை பேர் அறிவர் என்பதும் கணக்கில் வர வேண்டும். ஜீபீஎஸ் டிரக்கர் வேன் இருக்குமிடத்தைத் தொலைபேசிக்கு அறிவிக்கும் என்றாலும், சிக்னல் கிட்டாத பள்ளத்தாக்குகளில் அது பேசாமல் இருந்துவிடும்.

இரும்புப் பூட்டு தோற்ற இடத்தில் ஆவணங்கள் மட்டுமே கைகொடுக்கும். வீதியில் ஓட சட்டம் கட்டாயமாக்கியுள்ள மூன்றாம் தரப்புக் காப்புறுதி, வாகனத்தால் பிறருக்கு நேரும் பாதிப்பை ஈடுசெய்வதற்கானது. வேன் திருடப்பட்டால் அதிலிருந்து ஒரு சதமும் வராது. திருட்டுக்கு ஈடு தருவது முழுக் காப்புறுதி ஆகும். அதிலும் உரிமையாளர் நியாயமான கவனம் எடுத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை பொதுவாக இருப்பதால், சாவியை வேனிலேயே விட்டுச் சென்றது தெரிந்தால் கோரிக்கை நிராகரிக்கப்படலாம். மேலதிகப் பூட்டு வாங்கிய பற்றுச்சீட்டும், பொருத்திய இடத்தின் படமும் அக்கவனத்துக்குச் சான்றாகும். நிராகரிப்பு நியாயமற்றதெனக் கருதுபவர் காப்புறுதிக் குறைகேள் அதிகாரியிடமும் இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடமும் முறையிடலாம். லீசிங்கில் எடுத்த வேன் திருடுபோனாலும் தவணைக் கடமை தானாக நின்றுவிடாது. தவணை பாக்கி இருக்கும் வேன் இரவில் காணாமற்போனால், லீசிங் கம்பனியின் ஆட்கள் கைப்பற்றிச் சென்றார்களா என்பதையும் உடனே விசாரித்துவிடுவது நல்லது.

ஆவண விடயத்தில் தோட்டப்புறத்தில் பரவலாக உள்ள பலவீனம், ஓப்பன் பேப்பர் எனப்படும் வழக்கமாகும். விற்றவர் கையொப்பமிட்ட கைமாற்றுப் படிவத்தை வாங்கியவர் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதியாமல், கட்டணத்தை மிச்சப்படுத்தவோ அடுத்தவருக்கு விற்கவோ பெட்டிக்குள் வைத்திருக்கிறார். அவ்வேன் திருடுபோனால் பொலிஸ் ஏட்டிலும் நீதிமன்றத்திலும் பேசப்படுவது பதிவுப் புத்தகத்திலுள்ள முன்னைய உரிமையாளரின் பெயரே. எங்கோ இருக்கும் அம்மனிதரைத் தேடிப்பிடிப்பதற்குள் நாட்கள் ஓடிவிடுகின்றன.

திருட்டு தெரிந்ததும் 119 என்ற இலக்கத்துக்கு அறிவிப்பதில் நிமிடங்களும் முக்கியம். இரத்தினபுரிப் பக்கத்திலிருந்து கொழும்புக்கு வரும் ஏ4 வீதியும், எட்டியாந்தோட்டைப் பக்கத்திலிருந்து இறங்கும் ஏ7 வீதியும் அவிசாவளையில் ஒன்றுகூடுகின்றன. அச்சந்தியைக் கடந்துவிட்ட வேனைத் தேடுவது பன்மடங்கு கடினம். பதிவு இலக்கத் தகட்டை மாற்றிவிடலாம் என்பதால் செசி இலக்கமும் எஞ்சின் இலக்கமும் உரிமையாளரின் தொலைபேசியில் எப்போதும் படமாக இருக்க வேண்டும்.

பொலிஸ் நிலையத்தில் மொழி தடையாக நிற்பது இம்மாகாணத் தமிழருக்குப் பழகிப்போன சங்கடம். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 109ஆம் பிரிவு, வாய்மொழியாகத் தரப்படும் முறைப்பாட்டை அது தரப்பட்ட மொழியிலேயே எழுதி வாசித்துக்காட்ட வேண்டும் என்கிறது. அது இயலாதபோது எழுத்தில் தரும்படி அதிகாரி கேட்க வேண்டும். முறைப்பாட்டாளருக்கு எழுத முடியாவிட்டால், காரணத்தைக் குறித்துவைத்து ஒரு தேசிய மொழியில் எழுதி, அவருக்கு விளங்கும் மொழியில் பெயர்த்துச் சொல்ல வேண்டும். ஆகவே வீட்டிலேயே தமிழில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுப்பதே எளிதான வழி. சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள பகுதிகளிலும் அரச அலுவலரோடு தமிழில் தொடர்புகொண்டு பதில் பெறும் உரிமையை அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை தருகிறது. விளங்காத வாக்குமூலத்தில் கையொப்பமிட வேண்டிய கட்டாயம் எவருக்கும் இல்லை. முறைப்பாட்டை ஏற்க மறுத்தால் மேலதிகாரியான பொலிஸ் அத்தியட்சகரிடமும், தேசியப் பொலிஸ் ஆணைக்குழுவிடமும், இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவிடமும் முறையிடலாம். மொழியுரிமை மீறல் அடிப்படை உரிமை மீறலைப் போலவே உயர் நீதிமன்றத்துக்குக் கொண்டுசெல்லத் தக்கது என்றாலும், அதற்கான கால எல்லை ஒரு மாதம் மட்டுமே.

வேன் கண்டுபிடிக்கப்பட்டால் அது உடனே வீடு வந்து சேராது. கைப்பற்றிய பொருளைப் பொலிஸார் நீதவானுக்கு அறிக்கையிட வேண்டும் என்றும், உரித்துடையவரிடம் அதை ஒப்படைப்பது பற்றி நீதவான் கட்டளையிடலாம் என்றும் மேற்சொன்ன சட்டக்கோவையின் 431ஆம் பிரிவு கூறுகிறது. வழக்கு முடியும்வரை காத்திராமல், பதிவுப் புத்தகத்தோடும் காப்புறுதிப் பத்திரத்தோடும் உடனே விண்ணப்பிப்பது அவசியம். பொலிஸ் வளவில் மழையில் நிற்கும் வேனின் பெற்றரியும் டயர்களும் மாதங்கள் தாங்கா. பொதுவாக விற்கவோ உருமாற்றவோ கூடாதென்ற நிபந்தனையோடு பிணைமுறியில் வாகனம் விடுவிக்கப்படும். பொறுப்பேற்கும்போது குறைந்துள்ள பாகங்களை எழுதி ஒப்பம் பெற்றுக்கொள்வதும், சட்டத்தரணிக்குச் செலவிட இயலாதவர் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடுவதும் பயன் தரும். திரும்பி வந்த வேனின் கதவுகளுக்கும் ஸ்டார்ட்டுக்கும் உரிய பூட்டுகளை அந்த வாரத்திலேயே மாற்றிவிட வேண்டும், ஏனெனில் அவற்றுக்கான சாவி இப்போது இன்னொருவர் கையிலும் இருக்கக்கூடும்.