கருப்பை முறுக்கு: நோயின் பெயர் தெரியும்வரை காத்திருக்க வேண்டாம்

எது இயல்பு, எது ஆபத்து?

கர்ப்பம் வளர வளரக் கருப்பை சற்றே வலப்பக்கம் திரும்புவது இயல்பு. அதனால் தாய்க்கும் சேய்க்கும் கெடுதல் இல்லை. நெடுக்கு அச்சில் அந்தத் திருப்பம் 45 டிகிரியைத் தாண்டினால்தான் அதைக் கருப்பை முறுக்கு என்கிறார்கள். பலருக்கு 180 டிகிரி வரை திரும்பி, முன்சுவர் பின்பக்கம் போய்விடுவதுண்டு. முறுக்கு இறுக இறுக ரத்தக்குழாய்கள் நெரிபட்டு, நஞ்சுக்கொடிக்குப் போகும் ரத்தம் குறைகிறது; குழந்தையின் உயிருக்கே ஆபத்தாகிறது. நார்க்கட்டி, பிறவியிலேயே மாறுபட்ட கருப்பை அமைப்பு, சினைப்பைக் கட்டி, பழைய அறுவை சிகிச்சையால் வந்த ஒட்டல்கள், குழந்தை குறுக்காகக் கிடப்பது ஆகியவை இதற்கு வழிவிடுகின்றன. காரணமே புலப்படாத பெண்களும் உண்டு.

அறிகுறிகள் ஏன் ஏமாற்றுகின்றன?

விடாத வயிற்றுவலி, இறுகிய வயிறு, உதிரப்போக்கு, வாந்தி, சிறுநீர் பிரியாமை, மயக்கம் ஆகியவை வரலாம். ஆனால் நஞ்சுக்கொடி முன்கூட்டியே பிரிந்தாலும், கருப்பை கிழிந்தாலும், குடல்வால் வீங்கினாலும் ஏறக்குறைய இதே தொல்லைகள்தான் வரும். முன்சுவரில் இருந்த நஞ்சுக்கொடி புதிய ஸ்கேனில் பின்சுவரில் தெரிந்தால் மருத்துவருக்குச் சந்தேகம் எழும். பழைய ஸ்கேன் அறிக்கைகளைக் கையோடு கொண்டுபோகச் சொல்வது இதனால்தான். அப்படியும் பெரும்பாலும் வயிற்றைத் திறந்த பிறகே முறுக்கு உறுதியாகிறது. ஆகவே ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்பது மட்டும் ஆறுதலாகிவிடாது. தாயின் நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், குழந்தையின் இதயத்துடிப்பு ஆகியவற்றை வைத்தே முடிவெடுக்க வேண்டும்.

அரிய நோய்க்கு இத்தனை எச்சரிக்கை எதற்கு?

இவ்வளவு அரிதான ஒன்றைச் சொல்லிக் கர்ப்பிணிகளை ஏன் பயமுறுத்த வேண்டும் என்று கேட்கலாம். இதே அறிகுறிகள் நஞ்சுக்கொடிப் பிரிவு போன்ற, இதைவிட அதிகம் காணப்படும் ஆபத்துகளுக்கும் உரியவை. ஒன்றுக்காகக் காட்டும் விழிப்பு எல்லாவற்றுக்கும் உதவும். ஒவ்வொரு வலிக்கும் ஓடினால் தேவையில்லாமல் சிசேரியன் செய்துவிடுவார்களே என்ற அச்சமும் உண்டு. ஓய்வெடுத்தால் அடங்கும் லேசான இழுப்பு வேறு, நேரமாக ஆகக் கூடும் வலி வேறு. பரிசோதனைக்குப் போவதாலேயே யாரும் கத்தியை எடுப்பதில்லை.

சிகிச்சை என்ன?

மாத்திரையாலோ வயிற்றை நீவிவிடுவதாலோ முறுக்கு அவிழாது. உடனடி அறுவை சிகிச்சையில் முறுக்கை நீக்கிக் குழந்தையை எடுப்பார்கள். திருப்ப முடியாவிட்டால், தெரிந்தே பின்சுவரைக் கீறி எடுப்பதும் உண்டு. முறுக்கைக் கவனிக்காமல் கீறினால் பெரிய ரத்தக்குழாய்களும் சிறுநீர்க்குழாயும் வெட்டுப்படலாம். அதனால்தான் கீறுமுன் கருப்பையின் நிலையைச் சரிபார்ப்பது அவசியம். மாதம் நிறையாத சில கர்ப்பங்களில், முறுக்கை மட்டும் நீக்கிக் கர்ப்பத்தைத் தொடரவும் முடிந்திருக்கிறது.

கர்ப்பிணிக்கு வலி விடாமல் இருந்தாலோ, ரத்தம் பட்டாலோ, குழந்தையின் அசைவு குறைந்தாலோ, கைவைத்தியம் பார்த்துக் காத்திருக்காதீர்கள். 108 ஆம்புலன்சை அழைத்து, அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே செல்லுங்கள்.