பர்மாக் காட்டில் மறைந்த பட்டாளத்துக்காரர்

"பர்மாச் சண்டைக்குப் போனவர், திரும்பவில்லை." திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து தாராவியிலும் மாதுங்காவிலும் குடியேறிய குடும்பங்கள் சிலவற்றில், ஒரு தாத்தாவைப் பற்றித் தெரிந்த செய்தி இவ்வளவுதான். 'காணாமற் போனார்' என்று சர்க்கார் அறிவிப்பு ஒன்று வந்திருக்கும், பிறகு மௌனம். தாலியைக் கழற்றுவதா வைத்துக்கொள்வதா என்று தெரியாமலே மனைவி கிழவியாகிப் போயிருப்பாள். திதி தெரியாததால் ஆடி அமாவாசையில் எள்ளும் தண்ணீரும் இறைப்பதோடு சரி.

அப்படி மறைந்தவரை இன்று அடையாளம் காண முடியுமா? உடலையென்றால் அநேகமாக முடியாது. பெயரையென்றால் பல சமயம் முடியும்.

வீரர் கழுத்தில் தொங்கிய அடையாள வில்லைகள் உலோகமல்ல. அட்டை போன்ற நார்ப்பொருளால் ஆனவை. பச்சையில் ஒன்று, சிவப்பில் ஒன்று. பர்மா மழையிலும் சேற்றிலும் அவை இற்றுப் போயின. ஹிந்து, சீக்கிய வீரர்களைப் போர்க்களத்திலேயே தகனம் செய்ததும் உண்டு. கோஹிமாவில் மட்டும் அவ்வாறு எரியூட்டப்பட்ட 917 பேரின் பெயர்கள் தனி நினைவுச் சின்னத்தில் உள்ளன.

ரங்கூனுக்கு, அதாவது இன்றைய யாங்கோனுக்கு, வடக்கே டாக்கியான் மயானத்தில் 6,374 கல்லறைகள். அவற்றில் 867-க்குப் பெயரில்லை. அங்கேயே வரிசையாக நிற்கும் தூண்களில், கல்லறையே கிடைக்காத ஏறக்குறைய 27,000 பேரின் பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. தேடவேண்டிய இடம் அதுவே. அதற்காக யாங்கோன் போகவேண்டியதில்லை. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பட்டியலை இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம்.

தொல்லை எழுத்தில்தான் வருகிறது. 'முருகன்' என்ற பெயரை ஆங்கில குமாஸ்தா எத்தனை விதமாக எழுதியிருப்பார் என்று சொல்ல முடியாது. ஊரும் 'டின்னவெல்லி', 'ராம்நாட்' என்றே இருக்கும். தூத்துக்குடி 1986-லும் தென்காசி 2019-லும்தான் தனி மாவட்டங்களாயின. அந்தப் பக்கத்தாரும் திருநெல்வேலியின் கீழேயே தேடவேண்டும். தகப்பனார் பெயரும் கிராமமும் பதிவாகியிருந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

இன்னொரு சாட்சி வீட்டுத் தகரப் பெட்டியில் கிடக்கலாம். ஆறு முனை கொண்ட 'பர்மா ஸ்டார்' பதக்கம் அது. பிரிட்டிஷ் சிப்பாய்களுக்குப் பெயரில்லாமலே தந்த இந்தப் பதக்கத்தின் பின்புறத்தில், இந்திய வீரர்களுக்குப் பட்டாள எண்ணும் பெயரும் பொறித்துத் தந்தார்கள். பழைய பித்தளை என்று எடைக்குப் போடாதவரை க்ஷேமம். பெயர் எப்படி மாறியிருந்தாலும் எண் ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். அந்த எண்ணுடன், மெட்ராஸ் ரெஜிமென்ட்காரரானால் வெலிங்டனுக்கும், சாப்பர்ஸ் என்றால் பெங்களூருக்கும் எழுதிக் கேட்கலாம்.

நேதாஜியின் படையில் சேர்ந்து அதே இம்பால் முனையில் மடிந்த மலேயாத் தோட்டத் தமிழர்களுக்கோ அந்த ஆணையத்தின் பட்டியலில் இடமில்லை.

தேதி கிடைத்தாலும் ஓர் எச்சரிக்கை. காணாமற் போனவருக்குப் பதிந்த தேதி, இறந்ததாகக் கருதப்பட்ட நாளாகவும் இருக்கக்கூடும். பழைய பஞ்சாங்கத்தைப் புரட்டித் திதி குறிப்பதற்குமுன் ரிக்கார்டு ஆபீஸில் அதையும் கேட்டுக்கொள்வது நல்லது.