ஆறில் ஒரு பங்கு நாற்காலி

ஷோகேஸில் பொம்மை வைத்த இடத்தில் இப்போது சிலர் நாற்காலி வைக்கிறார்கள். ஜெர்மனியின் வைல் ஆம் ரைன் ஊரிலுள்ள வீட்ரா டிசைன் மியூசியம், புகழ்பெற்ற நவீன நாற்காலிகளை ஆறில் ஒரு பங்கு அளவில், கூடியவரை அதே மூலப்பொருளில் செய்து தருகிறது.

நம் நாட்டுக்கென்று அப்படி ஒரு நாற்காலி உண்டு. 1950-களில் சண்டிகர் எழும்பியபோது அதன் அலுவலகங்களுக்காக பியர் ஜான்னரே வடிவமைத்த தேக்கு, பிரம்பு நாற்காலி. கவட்டைக் கம்பைக் கவிழ்த்தது போலக் கால்கள். அதை ஆறில் ஒரு பங்காக்கினால் என்ன ஆகும்?

75 சென்டிமீட்டர் உயரம் 12.5 ஆகும். ஆனால் 8 கிலோ எடை வெறும் 37 கிராமாகிவிடும். எடை 216 மடங்கு குறையும்போது காலின் குறுக்குவெட்டுப் பரப்பு 36 மடங்குதான் குறைகிறது. ஆகவே தன் எடையைத் தாங்குவதில் குட்டி நாற்காலி ஆறு மடங்கு உறுதி! 1638-லேயே கலிலியோ எழுதிவைத்த கணக்கு இது. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் தேரைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். பொம்மைத் தேருக்கு ஒரு குச்சியே அச்சாகிவிடும். அதே விகிதத்தில் பெரிய தேருக்கு அச்சு செய்தால் முறிந்துபோகும்.

வடிவத்தைச் சுருக்கலாம், மரத்தைச் சுருக்க முடியாது. தேக்கின் துளைகள் சுமார் கால் மில்லிமீட்டர். குட்டி நாற்காலியிலும் அதே கால் மில்லிமீட்டர்தான். கண்ணுக்கு அது ஒன்றரை மில்லிமீட்டர் ஓட்டைகள் கொண்ட முரட்டு மரமாகத் தெரியும். பிரம்பு இழை அரை மில்லிமீட்டருக்கும் கீழே மெலிய வேண்டும். அதற்கு நூல்தான் கைகொடுக்கும்.

இந்தச் சிக்கலை நம் கடைசல்காரர்கள் வெகு காலத்துக்கு முன்பே தீர்த்துவிட்டார்கள் என்பதுதான் எனக்குப் பெரிய வியப்பு. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மலையை ஒட்டியே தெற்கே போனால், தென்காசி தாண்டி அம்பாசமுத்திரம். அங்கே அம்மி, உரல், திருவை என்று சொப்புச் சாமான் கடைய அந்நாளில் விரும்பி எடுத்த மரம் மஞ்சக்கடம்பு. நெருக்கமான, சீரான இழை. துளை கண்ணில் படாது. சுழலும் கட்டையில் அரக்குக் குச்சியை அழுத்தினால், உரசும் சூட்டிலேயே அரக்கு இளகி வழவழவென்று படியும். சண்டிகர் நாற்காலியின் குட்டியைச் செய்ய என்னைக் கேட்டால், தேக்கை விட்டுவிட்டு மஞ்சக்கடம்புக்குத் தேக்கு நிறம் ஏற்றச் சொல்வேன். அதுதான் தேக்காகத் தெரியும்.

எப்படிச் செய்தாலும் பிடிகொடுக்காத ஒன்று உண்டு. மார்செல் பிராயர் 1928-இல் செய்த எஃகுக்குழாய் நாற்காலிக்குப் பின்னங்கால் கிடையாது. உட்கார்ந்தால் மெல்லத் துள்ளும். அதன் குட்டியில் 70 கிலோ ஆளுக்குப் பதில், அதே கணக்கில் 324 கிராம் பொம்மையை உட்காரவைத்தால், தன் அளவுக்கு அது வளைய வேண்டியதில் ஆறில் ஒரு பங்குதான் வளையும். அந்தத் துள்ளல் வேண்டுமென்றால் குழாயை விகிதத்தை மீறி மெலிதாக்க வேண்டும். அப்போது பார்வைக்கு அது பிராயரின் நாற்காலியாக இருக்காது.