பின்வரிசையில் விழுந்த கோபுரங்கள்

1965 நவம்பர் 1. இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில், ஃபெரிபிரிட்ஜ் அனல்மின் நிலையத்தின் 8 குளிர்விப்புக் கோபுரங்களில் 3 பலத்த காற்றில் ஒன்றன்பின் ஒன்றாகச் சரிந்தன. உயரம் சுமார் 114 மீட்டர். கான்கிரீட் சுவரின் தடிமனோ ஒரு சாண்கூட இல்லை. ‘அன்று அடித்த காற்றுக்கு எதுதான் நிற்கும்?’ என்று கேட்கலாம். ஆனால் காற்றை முகத்துக்கு நேரே வாங்கிய முன்வரிசை அசையாமல் நின்றது. அதன் மறைவில் இருந்த பின்வரிசையில்தான் மூன்றும் விழுந்தன. ஆகவே காற்றின் வேகத்தை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை.

விமான இறக்கையைத் தழுவி வழுக்கிச் செல்லும் காற்று, இப்படிப்பட்ட பருத்த உருவங்களை விட்டுப் பிய்த்துக்கொண்டு பின்னால் சுழலும். முன்வரிசைக் கோபுரங்களின் இடைவெளியில் நெருக்குண்டு பாய்ந்த காற்றும் அந்தச் சுழல்களும் பின்வரிசையை உலுக்கின. காற்றுச் சுரங்கத்தில் சோதித்துப் பார்க்கவில்லையா என்றால், பார்த்தார்கள். ஒற்றைக் கோபுரத்தின் மாதிரியை வைத்து! கணக்கிலும் சராசரி வேகத்தைத்தான் எடுத்தார்கள். நொடிப்பொழுதில் மோதும் வீச்சு விட்டுப்போயிற்று. காற்று தன்னை எதிர்கொண்ட பக்கத்துச் சுவரை மேல்நோக்கி இழுக்க, அந்த இழுவிசை கோபுரத்தின் சொந்த எடையை மிஞ்சியதும் கான்கிரீட் கிழிந்தது. பின்னர் அந்த மூன்றையும் திரும்பக் கட்டினார்கள். எஞ்சிய ஐந்தையும் வலுப்படுத்தினார்கள்.