பூனை சுற்றும் வீட்டில் பாம்பு வளர்க்கலாமா?

சென்ற சாரல் காலத்தில், இலஞ்சியில் ஒரு ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது கல்லூரியில் படிக்கும் தம்பி ஒருவர் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினார். கண்ணாடிப் பெட்டிக்குள் சுருண்டு கிடக்கும் ஒரு மலைப்பாம்பு, பெட்டியின் மேல் உட்கார்ந்து எட்டிப் பார்க்கும் ஒரு பூனை. "ஹஜ்ரத், எங்க வீட்லயும் பூனை இருக்கு. இது மாதிரி ஒண்ணு வாங்கலாமா?" என்று கேட்டார். வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் முடித்திருக்கலாம். காரணம் சொல்லாமல் ஏற்றுக்கொள்கிற வயது அல்ல அது.

பூனை விஷயத்தில் நமக்குத் தடையே இல்லை. ஒளூவுக்கு வைத்த தண்ணீரைத் தேடிப் பூனை வந்தபோது அபூகதாதா (ரலி) அவர்கள் பாத்திரத்தைச் சாய்த்துக் கொடுத்தார்கள். பூனை அசுத்தமல்ல, நம்மைச் சுற்றி வரும் உயிர்களில் ஒன்று என்ற நபிமொழியை அதற்குக் காரணமாகச் சொன்னார்கள். அபூதாவூத், திர்மிதீ நூல்களில் இது பதிவாகியுள்ளது.

பாம்பின் நிலை வேறு. நல்ல பாம்பு, சாரை, மலைப்பாம்பு ஆகியவை 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. அவற்றை வீட்டில் வைத்திருப்பது குற்றம். படத்தில் இருந்த 'பால் பைத்தான்' ஆப்பிரிக்க இனம். அதுபோன்ற வெளிநாட்டு இனங்களைச் சட்டப்படி வைத்திருப்பவர்களும் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று 2024இல் விதி வந்துவிட்டது. பயணத்தில் யாராவது ஒரு பெட்டியைக் கொடுத்து "ஊர்ல குடுத்துடுங்க" என்று சொன்னால் நம் பிள்ளைகள் கூடுதல் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். 2023 ஜூலை இறுதியில் கோலாலம்பூரில் இருந்து திருச்சிக்கு வந்த ஒரு பயணியின் பெட்டியில் 47 மலைப்பாம்புகள் பிடிபட்டன.

சரி, முறையான ஆவணங்களோடு ஒருவரிடம் ஏற்கெனவே பாம்பு இருக்கிறது, பூனையும் இருக்கிறது. என்ன செய்வது? இரண்டையும் பழக்கிவிடலாம் என்று நினைக்கக் கூடாது. பூனை வேட்டைப் பிராணி. அதன் நகக்கீறல் ஒன்றே சிறிய பாம்புக்குச் சீழ் பிடித்து உயிரைக் குடிக்கும். பெரிய மலைப்பாம்புக்கோ பூனைக்குட்டி இரைதான். எனவே பாம்புக்குத் தனி அறை, பூட்டுள்ள பெட்டி, சாத்திய கதவு. பெட்டி மேல் பூனை ஏறி உட்கார்ந்தால், உள்ளிருக்கும் பாம்பு மிரண்டு இரையெடுப்பதையே நிறுத்திவிடும். அந்தப் படத்தைப் பார்த்து ரசிப்பவர்களுக்கு இது தெரிவதில்லை. பாம்பின் உடலில் ஒட்டும் உண்ணிக்கு அடிக்கும் பெர்மெத்ரின் மருந்து பூனைக்குக் கொடிய விஷம் என்பது பலருக்குப் புதிய செய்தியாக இருக்கும். பாம்பைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாவிட்டால் சால்மோனெல்லா கிருமி பரவும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை இருக்கும் வீட்டுக்குப் பாம்பு ஆகவே ஆகாது.

பூனையைக் கட்டிப் போட்டு, உணவும் கொடுக்காமல், தானே தேடித் தின்னவும் விடாமல் சாகடித்த பெண்ணின் நிலையைப் புகாரி, முஸ்லிம் நூல்களில் படிக்கிறோம். கண்ணாடிப் பெட்டிக்குள் அடைபட்ட பாம்பும் அதே நிலையில்தான் இருக்கிறது. நாம் கொடுத்தால்தான் அதற்கு உணவு. வீடியோ எடுக்கும் ஆசை ஆறு மாதத்தில் தீர்ந்துவிடும். பால் பைத்தானோ இருபது, முப்பது வருடம் வாழக்கூடியது. தம்பியிடம் நான் அதிக நேரம் பேசியது இதைப் பற்றித்தான்.

உண்மையில் நம் ஊரில் பாம்பை யாரும் வாங்க வேண்டியதில்லை. வயலும் தோப்பும் வாய்க்காலும் சூழ்ந்த இலஞ்சியில் பூனையே கொண்டுவந்து தரும். ஒரு நாள் ஃபஜ்ருக்கு எழுந்து கதவைத் திறந்தால், படியில் பாதி உயிரோடு ஒன்றைப் போட்டுவிட்டு எங்கள் பூனை பெருமையாக உட்கார்ந்திருந்தது. கட்டுவிரியனா, அதைப் போலவே இருக்கும் விஷமில்லாத பாம்பா என்று அந்த இருட்டில் தெரியவில்லை. அன்றிலிருந்து மஃரிபுக்குப் பிறகு பூனை வீட்டுக்குள்தான். மிச்சச் சோற்றை வெளியே வைப்பதையும் நிறுத்தினோம். சோறு எலியை அழைக்கும், எலி பாம்பை அழைக்கும்.

வீட்டில் தென்படும் பாம்பை முதலில் எச்சரிக்கச் சொல்லும் ஹதீஸ் முஸ்லிமில் உள்ளது. அது மதீனாவுக்கு மட்டுமா, எல்லா ஊருக்குமா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. எப்படியிருந்தாலும் கம்போடு பாய வேண்டாம். கடிபடுபவர்களில் பலர் அடிக்கப் போனவர்கள். பிள்ளைகளையும் பூனையையும் வேறு அறையில் விட்டுக் கதவைச் சாத்திவிட்டு, தீயணைப்பு நிலையத்தை 101 அல்லது 112 எண்ணில் அழையுங்கள்.

பூனைக்குக் கீரி மாதிரி விஷம் ஏறாது என்பார்கள். அது தவறு. முகமோ காலோ வீங்கி, எச்சில் வடிந்து, பின்னங்கால் தள்ளாடினால் உடனே கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். மனிதரைக் கடித்தால் கீறவோ இறுகக் கட்டவோ கூடாது. கடிபட்டவரை நடக்கவிடாமல் 108ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். கட்டுவிரியன் கடி பெரும்பாலும் வலிக்காது. வலியில்லையே என்று விடியும்வரை காத்திருக்க வேண்டாம்.